பாதிக் குளிசை

கேள்வி

டொக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 34 வயது. பிறந்தது ஹட்டன் பக்கம். இப்போது கொட்டாஞ்சேனையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். நான் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை, கணவர் நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்கும் நாட்டாமி. மகன் நாலாம் வகுப்பு. போன வருடம் கண்ணெல்லாம் மஞ்சளாகி பத்து நாள் வாட்டில் இருந்தேன். ஈரலில் ஊசி ஏற்றி சதைத் துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு ‘ஓட்டோ இம்யூன் ஹெப்படைட்டிஸ்’ என்றார்கள். கொப்பியில் ‘எஃப் 3’ என்றும் எழுதியிருக்கிறது. பிரட்னிசலோனில் தொடங்கி, பிறகு அதை 10க்குக் குறைத்து, அசதயோப்ரின் 75 தந்தார்கள். ஈரல் எவ்வளவு அழன்றிருக்கிறது என்று இரத்தத்தில் பார்க்கும் எஸ்.ஜி.பி.ரி. 38க்கு இறங்கியது.

பிறகு சில மாதம் கிளினிக்கில் அசதயோப்ரின் இல்லை. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தார்கள். வாடகையும் பிள்ளையின் செலவும் போக முழுதாக வாங்க முடியவில்லை. ஒன்றரைக் குளிசைக்குப் பதில் அரைக் குளிசை போட்டேன். போன கிளினிக்கில் எஸ்.ஜி.பி.ரி. 164. புது டொக்டர், மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று கேட்டார். பயத்தில் ‘ஆமா டொக்டர்’ என்றுவிட்டேன். அவர் பிரட்னிசலோனை 20 ஆக்கிவிட்டு, இதற்கும் இறங்காவிட்டால் விலை கூடிய வேறு மருந்து பார்க்க வேண்டும் என்றார்.

மாமியார் ரசகிந்த அவித்துத் தருகிறார். கடை முதலாளி இது தொற்றுமா என்று கேட்கிறார். பக்கத்து அறை அக்கா, குடிக்காத பொம்பிளைக்கு ஈரல் வருத்தம் எப்படி வரும் என்கிறார். காசு கட்டித் தனியாரில் சனல் பண்ணிக் காட்டினால் நல்லதா? கடைசியில் இந்தியா போய் ஈரல் மாற்ற வேண்டும், கோடிக்கணக்கில் முடியும் என்கிறார்கள், உண்மையா? காசில்லாதவளுக்கு இந்த வருத்தம் சுகமாகாதா? முகம் வேறு வீங்கிவிட்டது. மகனின் பாடசாலைப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம், கொழும்பு 13

பதில்

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பேச வேண்டியது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றைத்தான்: அந்த ‘ஆமா டொக்டர்’.

அந்த ஒரு சொல்லால் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். உங்களுக்கு எழுதியது 75 மில்லிகிராம். உள்ளே போனது 25. ஈரல் மறுபடி அழன்றது, எஸ்.ஜி.பி.ரி. ஏறியது. முன்னால் இருந்த டொக்டருக்குத் தெரிந்ததெல்லாம் கொப்பியில் உள்ள 75தான். 75க்கும் அடங்கவில்லை என்றால் மருந்து இந்த உடம்புக்குப் போதவில்லை என்றே யாரும் நினைப்பார்கள். அவரிடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆக, காசு போதாமல் நீங்கள் மிச்சம் பிடித்த ஒரு குளிசை, இன்னும் காசு கூடிய மருந்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போகிறது. நடுவில் பிரட்னிசலோன் இரண்டு மடங்கானதும் அதனால்தான்.

‘நானிருந்தாலும்’ என்று சும்மா சொல்லவில்லை. செய்திருக்கிறேன். பதினைந்து வருடம் இருக்கும், அப்போது நான் வெளிமாவட்டத்தில் வேலை. இதே வருத்தத்தோடு ஓர் அம்மா கிளினிக்குக்கு வருவார். எஸ்.ஜி.பி.ரி. ஏற ஏற நான் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனேன், மூன்று தரம். மூன்றாம் தரம் அவருக்கு இரத்தத்தில் சீனியும் ஏறி, வாட்டில் படுக்க வைக்க வேண்டி வந்தது. வாட்டில் ஒரு நேர்ஸ் மிஸ் அவருடைய சொப்பிங் பையைத் திறந்து பழைய மருந்துகளை எடுத்து மேசையில் பரப்பினார். குளிசைக் காட்கள் எல்லாம் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு குளிசை, அதன் மேல் நீலப் பேனையால் திகதி. ஒன்று விட்டு ஒருநாள். மகள் பள்ளிக்கூடப் பிள்ளை, அவள் கையெழுத்து அது, மிக அழகாக இருந்தது. ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு ஓட்டும் கணக்கை அந்தப் பிள்ளை ஒரு பிழையில்லாமல் போட்டிருந்தாள். மருந்து எடுக்கிறீர்களா என்று நான் ஒவ்வொரு தரமும் கேட்டிருந்தேன். வாங்க முடிகிறதா என்று ஒரு தரமாவது கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு காலைக்கு அறுபது எழுபது பேரைப் பார்க்கும் கிளினிக்கில் எல்லோரும் அப்படிக் கேட்பார்கள் என்று உங்களுக்கு உறுதி சொல்ல என்னால் முடியாது. அதனால் நீங்களாகவே சொல்ல வேண்டும். அடுத்த திகதி வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே கொப்பியோடு போங்கள். வாய் வராவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை எத்தனை குளிசை போட்டேன் என்று. மிச்சக் காட்களையும் கொண்டுபோங்கள். டொக்டர் சிங்களவர், உங்களுக்கு அந்த நேரத்தில் சொல் தடுமாறும் என்றால், இதைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: ‘பெஹெத் கன்ன சல்லி மதி உணா, ஏ நிசா பாகயய் கத்தே.’ மருந்து வாங்கக் காசு போதவில்லை, அதனால் பாதிதான் எடுத்தேன். ஏசுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். ஏசினால் ஏசட்டும், அந்த ஏச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கொப்பியில் ‘75க்கு அடங்கவில்லை’ என்று எழுதப்பட்டால் அது உங்களோடு வருடக்கணக்கில் வரும். இன்னொன்று, அசதயோப்ரின் ஒழுங்காக எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் சிவப்பணுக்களின் பருமன் பெரும்பாலும் சற்றுக் கூடும். கூர்ந்து பார்க்கிற டொக்டருக்கு உங்கள் ‘ஃபுல் பிளட் கவுண்ட்’ துண்டே சந்தேகம் தந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு வீட்டிலேயே முழு அளவுக்குத் திரும்பிவிடாதீர்கள். அசதயோப்ரின் சிலருக்கு வெள்ளணுக்களைச் சட்டென்று குறைக்கும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவதில் பரம்பரையாக வரும் வேறுபாடு ஒன்று நம் ஆசிய நாட்டவர்களிடம் ஐரோப்பியரைவிட அதிகம். உங்களுக்கு முன்பு 75 ஒத்துக்கொண்டதால் பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் இரத்தம் பார்த்து, டொக்டர் சொன்ன பிறகு கூட்டுங்கள். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் பனடோலோடு சமாளிக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போய், ‘அசதயோப்ரின் எடுக்கிறேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இனி வருத்தத்தைப் பற்றி. நம் உடம்பில் கிருமியோடு சண்டை பிடிக்கிற படை, எதிரி என்று தவறாக நினைத்து சொந்த ஈரலையே தாக்குவதுதான் இது. ஏன் தொடங்குகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். சாராயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பக்கத்து அறை அக்காவிடம் அதைத் தாராளமாகச் சொல்லலாம். தொற்றவும் தொற்றாது. ஒரே கோப்பையில் குடித்தாலும், ஒரே பாயில் படுத்தாலும் யாருக்கும் வராது. முதலாளிக்கு வாயால் விளக்கிக் களைக்க வேண்டாம். ‘இவருக்குத் தொற்றக்கூடிய நோய் எதுவும் இல்லை, வேலை செய்யலாம், இடையிடையே உட்கார அனுமதிக்கவும்’ என்று மூன்று வரியில் கிளினிக்கில் கடிதம் கேளுங்கள். அதில் நோயின் பெயர் எழுத வேண்டிய அவசியமே இல்லை. அது உங்கள் அந்தரங்கம். புடவைக் கடையில் காலை முதல் இரவு வரை நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும், என் சித்தி பதினொரு வருடம் நின்றவர். உங்கள் களைப்பு சோம்பல் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஈரல் எண்கள் சீராக இருக்கும்போதுகூட இந்த வருத்தத்தில் களைப்பு இருக்கும்.

இது பணக்கார வருத்தமா, ஏழை வருத்தமா? வருவது யாருக்கும் வரும். வந்த பிறகு நடப்பதில்தான் காசு நுழைகிறது. அது நுழையும் வாசல்கள் பல. முதல் வாசல், கண்டுபிடிப்பது. மஞ்சளாவதற்கு முன் ஒரு வருடமாக மூட்டு நோவு, அலுப்பு, பசியின்மை இருந்ததா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். இருந்திருக்கும், நின்று நின்று வந்த அலுப்பு என்று நினைத்திருப்பீர்கள். அலுவலகத்தில் வருடாந்தப் பரிசோதனை செய்பவருக்கு அதே ஈரல், இரத்தத் துண்டில் முன்னமே அகப்பட்டுவிடும். இந்த வருத்தம் கண்டுபிடிக்கப்படும் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அன்றே ஈரல் சுருங்கித் தழும்பேறியிருக்கிறது, சிரோசிஸ் என்பது அதைத்தான். அமெரிக்காவில் கறுப்பின நோயாளர்கள் வெள்ளையரைவிட முற்றிய நிலையில் வருவதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். பரம்பரை எவ்வளவு, வாழ்க்கை நிலை எவ்வளவு என்று அங்கேயும் வாதம் நடக்கிறது. உங்கள் ‘எஃப் 3’ என்பது தழும்பு நிறைய இருக்கிறது, ஆனால் சிரோசிஸுக்கு ஒரு படி இந்தப் பக்கம் என்று அர்த்தம். இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. அழற்சி முழுதாக அடங்கி வருடக்கணக்கில் அடங்கியே இருந்தால் இந்தத் தழும்பு பலருக்குக் குறைந்திருக்கிறது. ஈரல் அந்த விஷயத்தில் மற்ற உறுப்புகளைப் போலில்லை, மன்னிக்கத் தெரிந்த உறுப்பு.

இரண்டாவது வாசல்தான் உங்களுடையது: தொடர்ச்சி. இதற்கான அடிப்படை மருந்துகள் புதியவையும் அல்ல, அரியவையும் அல்ல. பிரட்னிசலோன் இந்த நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று லண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் ஷீலா ஷேர்லொக்கின் குழுவினர் 1971 இலேயே காட்டிவிட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் முதல் மருந்து அதுதான், பார்மசியில் ஆக மலிவான குளிசைகளில் ஒன்று. அதனால் இந்த வருத்தத்தில் பணக்காரருக்கு ஒரு மருந்து, ஏழைக்கு ஒரு மருந்து என்று கிடையாது. ஆனால் அதை ஒருநாள் விடாமல் வருடக்கணக்கில் எடுக்க வேண்டும். எண்கள் சீரானபின்கூடக் குறைந்தது இரண்டு வருடம் அப்படியே வைத்திருந்த பிறகுதான் நிறுத்திப் பார்க்கலாமா என்ற பேச்சே வரும். அப்படி நிறுத்தியவர்களிலும் பாதிக்கு மேல் ஆட்களுக்குத் திரும்ப வருகிறது. வருடக்கணக்கில் ஒருநாள் விடாமல் என்பது மாதச் சம்பளக்காரருக்கு ஒரு பழக்கம். நாட்கூலி வீட்டில், மழை பெய்து லொறி வராத கிழமையெல்லாம் உடைந்துபோகிற விஷயம் அது. 2022 இல் டொலர் இல்லாமல் நாடே மருந்துக்கு அலைந்தபோது, கையில் காசு வைத்திருந்தவர்கள் மூன்று மாதத்துக்கு வாங்கி அலுமாரியில் வைத்தார்கள். உங்களைப் போன்றவர்கள் அன்றன்று காட் காட்டாக வாங்கினார்கள்.

சரி, கை இறுகிய மாதத்தில் எதை முதலில் வாங்குவது? இதை டொக்டர்மார் சொல்ல விரும்புவதில்லை, எல்லாமே முக்கியம் என்பார்கள். நான் சொல்கிறேன்.

பிரட்னிசலோன் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. மாதக்கணக்கில் எடுத்த பிறகு சட்டென்று விட்டால் உடம்பு சொந்தமாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க முடியாமல் தலைசுற்றி, அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி வந்து குளிசை வயிற்றில் தங்காவிட்டாலும் அதே ஆபத்து, வீட்டில் இருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அடுத்தது அசதயோப்ரின். கிளினிக்கில் இல்லையென்றால் லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்திலுள்ள ஒசுசல அரச மருந்துக் கடையில் முதலில் கேளுங்கள். பெட்டியின் நிறமும் கம்பனியும் மாறினால் பரவாயில்லை, உள்ளே அதே பெயரும் அதே மில்லிகிராமும் இருந்தால் போதும். முப்பது நாளுக்கு வாங்கக் காசில்லை என்றால் பத்து நாளுக்கு வாங்கி, டொக்டர் சொன்ன முழு அளவில் போட்டு, அந்தப் பத்து நாள் முடிவதற்குள் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள். முப்பது நாளுக்கு இழுத்து அரையாக்குவதைவிட இது நல்லது. ஏனென்றால் அப்போது பிரச்சினை டொக்டரின் மேசைக்கு வருகிறது. அரைக் குளிசையில் அது உங்கள் ஈரலுக்குள் ஒளிந்துகொள்கிறது. மூன்றாவது, இரத்தப் பரிசோதனை. ஃபுல் பிளட் கவுண்டும் எஸ்.ஜி.பி.ரி.யும் இலவசமாகவே செய்யலாம். எதிர்ப்புப் படை எவ்வளவு கொதிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஐ.ஜி.ஜி. என்ற பரிசோதனை ஒன்றும் எழுதித் தருவார்கள், வெளியில் அது விலை. அது மாதா மாதம் தேவையில்லை. தேவைப்படும்போது மாதிரியைப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வாங்கக் கூடாதவை: ஈரல் டொனிக், ஈரல் சுத்தம் செய்யும் கப்சூல், புரதப் பவுடர், மஞ்சள் கப்சூல். பார்மசிக் கண்ணாடிக்குள் இவைதான் முன் வரிசையில் இருக்கும், உங்கள் அசதயோப்ரினைவிட விலையும் கூட. கறிக்குப் போடும் மஞ்சளில் பிழையில்லை. கப்சூலில் அடைத்துச் செறிவாக்கிய மஞ்சள் ஈரலைத் தாக்கிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

ரசகிந்த விஷயத்துக்கு இங்கேயே வந்துவிடுகிறேன். நம் தமிழில் அது சீந்தில். கோவிட் காலத்தில் இந்தியாவில் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று சனம் சீந்திலை அவித்துக் குடித்தபோது, மும்பையில் ஈரல் அழன்று வந்தவர்களை டொக்டர்மார் தொடர்ந்து கண்டார்கள். சதை எடுத்துப் பார்த்தால் உங்கள் வருத்தத்தைப் போலவே இருந்தது. சிலருக்கு உள்ளே உறங்கிக் கிடந்த இதே வருத்தம்தான் விழித்திருந்தது. காரணம் யோசித்தால் விளங்கும். சீந்தில் எதிர்ப்புப் படையைத் தட்டி எழுப்புகிறது என்பதுதான் அதன் பெருமையே. நாம் காலையில் குளிசை போட்டுத் தூங்க வைக்கிற படையை மாமி பின்னேரம் கஷாயம் கொடுத்து எழுப்புகிறார். அவர் மேல் கோபப்படாதீர்கள், கொழும்பில் அந்தக் கொடியைத் தேடிப் பிடித்து அவிப்பது அன்பில்லாமல் நடக்கிற காரியமில்லை. ‘டொக்டர் அம்மா இந்தக் குளிசையோடு அது சேராது என்று சொல்கிறார்’ என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள். வேறு ஏதாவது அவித்துத்தான் ஆக வேண்டும் என்றால் முருங்கையிலைச் சொதி வைக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கிளினிக்கில் தரும் தாளில் பழம், கோழி, பால் என்று இருக்கும். அந்தத் தாளை எழுதியவர் உங்கள் அறையின் அடுப்பைப் பார்த்ததில்லை. பிரட்னிசலோன் எலும்பை அரிக்கும், சீனியை ஏற்றும், பசியைக் கிளப்பும். எலும்புக்கு முள்ளோடு மெல்லக்கூடிய சின்ன நெத்தலி நல்லது. கருவாடானால் ஊறவைத்து உப்பைக் கழுவிவிடுங்கள். கால்சியம் குளிசையும் விற்றமின் டி-யும் கிளினிக்கில் கேளுங்கள். பருப்பு, முட்டை, வல்லாரைச் சம்பல் போதும். உண்மையில் நீங்கள் குறைக்க வேண்டியது கடையில் ஒரு நாளைக்கு நான்கு ஐந்து தரம் வரும் சீனி போட்ட பிளேன்டீ. அதோடு பசிக்குக் கடிக்கிற மாலு பாணையும் குறைத்தால், 20 மில்லிகிராமில் ஏறப் பார்க்கும் சீனியில் பாதிச் சண்டை முடிந்தது.

காசுக்கு அடுத்தபடி உங்களிடம் இல்லாதது நாள். கணக்குப் பார்த்தேன். மாதம் ஒரு கிளினிக், இரத்தம் கொடுக்க வேறொரு நாள், வருடத்துக்கு 24. கடை, காரியாலய ஊழியர்களுக்கான 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முழு வருடம் வேலை செய்தவருக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் சாதாரண லீவும் சம்பளத்தோடு கிடைக்க வேண்டும், கூட்டினால் 21. ஒரு காய்ச்சல் இல்லாமல், ஒரு கல்யாணம், ஒரு செத்தவீடு போகாமல் இருந்தாலும் மூன்று நாள் துண்டு விழுகிறது. உங்கள் கடையில் அந்த 21-ஐத் தருகிறார்களா என்பதே வேறு கதை. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் உங்களுக்கு ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா, லீவு எழுதப்படுகிறதா என்று சம்பளத் துண்டைப் பாருங்கள். தொழில் திணைக்களத்தில் தமிழிலேயே விசாரிக்கலாம். கிளினிக் பக்கம் என்ன செய்யலாம் என்றால், காலையில் கிளினிக்குக்கு வந்த அன்றே இரத்தம் எடுக்கக் கேளுங்கள். முடிவு மோசமென்றால் தொலைபேசியில் சொல்லட்டும். இப்போது எண்கள் ஏறியிருப்பதால் இரண்டு மூன்று மாதம் அடிக்கடி வரத்தான் வேண்டும், அதில் தப்ப முடியாது. சீரான பிறகு இரண்டு மாத மருந்து தருவீர்களா என்று கேளுங்கள். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பிய நாடு இது. மனம் வைத்தால் முடியாததில்லை.

சனல் பண்ணுவது. நானும் பின்னேரத்தில் சனல் பார்க்கிறவள், அதனால் நேராகச் சொல்கிறேன். காலையில் கிளினிக்கில் இருக்கிற அதே டொக்டர், அதே அறிவு, எழுதுவதும் அதே மருந்து. கூடுதலாகக் கிடைப்பது பத்து நிமிடமும் ஒரு கதிரையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காசைக் கட்டுவதைவிட அதற்கு அசதயோப்ரின் வாங்குங்கள். நம்ப முடியாத முடிவொன்றை யாராவது சொன்னால், இன்னொருவரின் அபிப்பிராயம் கேட்க ஒரே ஒரு தரம் போகலாம், அவ்வளவுதான்.

இந்தியா, கோடி. இந்தப் பயத்தை யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. மருந்துக்கு அடங்கி, அடங்கியபடி இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஈரல் மாற்றும் கட்டத்துக்குப் போவதே இல்லை. நீங்கள் 38க்கு ஒருமுறை இறங்கிக் காட்டியவர், அதுவே நல்ல சகுனம். அப்படியொரு நாள் வந்தாலும் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லை, ராகமை வடகொழும்பு போதனா வைத்தியசாலையிலேயே ஈரல் மாற்றுகிறார்கள். ஜனாதிபதி நிதியம் போன்ற உதவிகளுக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் ஏற்கிறார்கள். ஆனால் அது பெரிய சிகிச்சைகளுக்கு எதிர்பார்க்கக்கூடியது, மாதக் குளிசைக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் போகும்போது கிளினிக் கொப்பியின் பிரதியையும் கொண்டுபோங்கள். வீட்டில் நீண்டகால நோயாளி இருப்பது அவர் முன்னால் எழுத்தில் இருக்கட்டும். ஹட்டனிலேயே இன்னும் பதிவு இருந்தால் அதைக் கொழும்புக்கு மாற்றுவதுதான் முதல் வேலை.

இதை வாசிக்கும் மூத்த அக்காமார் சிலருக்கு ஈரலின் பித்தக் குழாய்களைத் தாக்கும் பி.பி.சி. என்ற வருத்தம் இருக்கலாம். ஊரலும் களைப்பும் அதன் அடையாளம். அதற்குத் தரும் உர்சோ மருந்து உடம்பின் நிறையைப் பொறுத்தது, கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 250 கப்சூல் நாளுக்கு மூன்று அல்லது நான்கு. காசுக்காக அதை ஒன்றாக்கிக்கொண்டு ‘மருந்து எடுக்கிறேன்’ என்று சொல்பவர்கள் என் கிளினிக்கிலேயே இருந்திருக்கிறார்கள். தங்கச்சிக்கு எழுதியது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக முகம். அது கொழுப்பு கன்னத்தில் சேர்வது, வீக்கமில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது, வந்தவர்களுக்கு மருந்து குறையக் குறைய வடியும். நீங்கள் அரைக் குளிசை விஷயத்தைச் சொல்லி, அசதயோப்ரின் முழு அளவுக்குத் திரும்பி, எஸ்.ஜி.பி.ரி. இறங்கினால் பிரட்னிசலோனை 20 இலிருந்து படிப்படியாகக் குறைக்க டொக்டருக்கு வழி கிடைக்கும். 10க்குக் கீழே போய்ச் சில மாதத்தில் கண்ணாடியில் பழைய முகம் தெரியத் தொடங்கும். அதுவரை மகனின் வகுப்பில் யாராவது கேட்டால், அம்மா மருந்து குடிக்கிறார் என்று அவனே சொல்லிக்கொள்வான். பிள்ளைகள் இதையெல்லாம் நம்மைவிட இலகுவாகச் சொல்வார்கள். அடுத்த பெற்றோர் கூட்டம் கிளினிக் நாளில் விழுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்து, கொப்பியில் திகதியை மாற்றிக்கொள்ளுங்கள்.